பெர்க்மனுக்கு நாடகம் பக்க வேலையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனின் ஏழெட்டுப் படங்களை, ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ உட்பட, பார்த்திருக்கிறீர்கள். அவரைப் பற்றி எங்கே படித்தாலும் ‘நாடக, திரைப்பட இயக்குநர்’ என்றே தொடங்குகிறார்கள். மனித முகத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்த ஒருவர், க்ளோசப்பே இல்லாத நாடகத்தின் ஆளாகவும் எப்படி இருக்க முடியும், நாடகம் அவருக்குச் சினிமாவுக்கு முந்திய பயிற்சிக்கூடமா, இல்லை படம் இல்லாத மாதங்களில் செய்த பக்க வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழ்க்கை வரலாற்றுக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, அவருடைய மேடை வேலை படங்களுக்குள் எங்கே இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன். பார்க்க முடியும். அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதில்.

நான் மேடை நாடகம் இயக்குகிறவன். நடிப்பு மாணவர்களுக்குப் பெர்க்மன் படங்களைப் போட்டுக் காட்டிப் பல வருடங்களாகப் பேசியும் வருகிறேன். ஆனால் அவர் மேடையில் இயக்கிய நாடகம் எதையும் நேரில் பார்த்ததில்லை. ஸ்வீடிஷ் மொழியும் எனக்குத் தெரியாது. அதனால் படங்களைப் பற்றி நான் சொல்வதைப் பார்த்தவனின் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். மேடையைப் பற்றிச் சொல்வதெல்லாம் புகைப்படங்கள், விமர்சனங்கள், ஒத்திகைக் குறிப்புகள், சில ஒளிப்பதிவுகள் வழியாக வந்தது.

முதலில் சந்தேகமில்லாத விஷயம். மேடைதான் அவருடைய நிரந்தர உத்தியோகம். சுமார் 60 வருடங்களில் ஏறத்தாழ 170 நாடகத் தயாரிப்புகள், வானொலி, தொலைக்காட்சி நாடகங்கள் தனி. படங்களில் பெரும்பாலானவை நாடக அரங்குகள் மூடியிருக்கும் கோடை மாதங்களில் எடுக்கப்பட்டவை. ஸ்வீடனில் அரங்குகளின் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடியும். அப்புறம் நடிகர்களுக்கு விடுமுறை. வெளிச்சமும் நீண்ட பகலும் அப்போதுதான் கிடைக்கும். குளிர்காலத்தில் ஒத்திகை, கோடையில் படப்பிடிப்பு என்று விவசாயிபோலப் பருவம் பார்த்து வாழ்ந்தார். இந்தக் கால அட்டவணையைப் புரிந்துகொண்டாலே அவருடைய வேலை பாதி புரிந்துவிடும்.

1918 ஜூலை 14 அன்று உப்சாலா நகரில் பிறந்தார். அப்பா எரிக் பெர்க்மன் லூத்தரன் பாதிரியார், பின்னாளில் அரச குடும்பத்துக்கும் சமயப் பணி செய்தவர். அம்மா காரின் செவிலியர் பயிற்சி பெற்றவர். சிறு வயதிலேயே வீட்டில் பொம்மை நாடகம் நடத்தினார் என்பது எல்லோரும் சொல்லும் கதைதான், ஆனாலும் அதில் கவனிக்க ஒன்று உண்டு. பொம்மைகளோடு விளக்குகளையும் காட்சியமைப்பையும் அவரே செய்தார். ஸ்டாக்ஹோமில் இலக்கியம் படிக்கச் சேர்ந்து, பட்டம் வாங்காமல் மாணவர் நாடகங்களில் மூழ்கிப்போனார். 1942-ல் தானே எழுதிய ஒரு நாடகத்தை மேடையேற்றினார். அதன் வழியாக ஸ்வென்ஸ்க் ஃபில்ம்இண்டஸ்ட்ரி என்ற படத் தயாரிப்பு நிறுவனம் அவரைத் திரைக்கதைப் பிரிவில் வேலைக்கு எடுத்தது. ஆக, சினிமாவுக்குள் அவர் எழுத்தாளராக நுழைந்தார், அதுவும் நாடகம் திறந்துவிட்ட கதவு வழியாக.

1944 ஒரு முக்கியமான வருடம். அவர் திரைக்கதை எழுதி அல்ஃப் ஷோபெர்க் இயக்கிய ‘டார்மென்ட்’ வெளிவந்தது. அதே வருடம் 26 வயதில் ஹெல்சிங்போர்க் நகர நாடக அரங்கின் தலைவரானார். பக்கத்து நகரமான மால்மோவில் பெரிய புது அரங்கு திறந்ததும் ஹெல்சிங்போர்க்குக்கு வந்துகொண்டிருந்த அரசு மானியம் போய்விட்டது. காசு இல்லாத, ஆள் இல்லாத அரங்கை ஓர் இளைஞன் கையில் கொடுத்தார்கள் என்பதுதான் நிலைமை. குறைந்த நாளில், குறைந்த செலவில், இருக்கிற நடிகர்களை வைத்து வேலையை முடிக்கும் பழக்கம் அங்கே வந்தது. பிற்காலத்தில் அவர் படங்களைச் சொன்ன நாளில், சொன்ன பணத்தில் முடித்துக் கொடுத்ததற்கு வேர் அங்கேதான் என்பது என் எண்ணம். அங்கிருந்து 1946-ல் கோத்தன்பர்க் நகர அரங்கு. அதே வருடம் அவருடைய முதல் படம் ‘கிரைசிஸ்’ வந்து தோற்றது. கோத்தன்பர்கில் பிரெஞ்சு எழுத்தாளர் கம்யூவின் ‘கலிகுலா’வை மேடையேற்றினார், முக்கிய வேடத்தில் அன்டர்ஸ் எக். இந்த எக்கைத்தான் பிறகு ‘சாடஸ்ட் அண்ட் டின்செல்’ படத்தில் அவமானப்படும் கோமாளியாகப் பார்த்திருப்பீர்கள். அந்த அரங்கின் தலைவர் டோர்ஸ்டன் ஹம்மாரேனிடம்தான் தொழிலின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டதாகப் பெர்க்மனே நன்றியோடு எழுதியிருக்கிறார்.

1951-ல் ஸ்வீடன் தயாரிப்பாளர்கள் கேளிக்கை வரியை எதிர்த்துப் படத் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பெர்க்மனுக்கு அப்போது நிரந்தரமான அரங்கும் இல்லை. காப்பாற்ற வேண்டிய குடும்பங்கள் இருந்தன. ‘பிரிஸ்’ என்ற சோப்புக்கு விளம்பரப் படங்கள் எடுத்துக் கொடுத்தார். நாடகம் பக்க வேலையா என்ற உங்கள் கேள்விக்கு இந்த வருடமே நேரடியான பதில். சினிமா அவரைக் கைவிடக்கூடியதாக இருந்தது. அரங்கு கிடைத்த வருடங்களில் அது மாதச் சம்பளம் கொடுத்தது.

1952-ல் மால்மோ. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாம் பெர்க்மன் என்று சொல்வது பெரும்பாலும் மால்மோவில் உருவான ஒன்று. அந்த அரங்கில் சுமார் 1,700 இருக்கைகள், மிக அகலமான மேடை. அப்படிப்பட்ட மேடையில் இரண்டு பேர் நின்று பேசினால் தொலைந்துபோவார்கள். மேடை இயக்குகிற எவருக்கும் இது வயிற்றைக் கலக்கும் பிரச்சினை. அவர் காட்சிப் பொருட்களைக் குறைத்தார், நடிக்கும் இடத்தைச் சுருக்கினார், நடிகர்களை முன்னே கொண்டுவந்தார், ஒளியால் வெட்டி எடுத்து ஒரே ஒரு உடலைப் பார்க்க வைத்தார். மேடையில் எந்தப் புள்ளியில் நின்றால் நடிகர் பார்வையாளருக்கு மிக வலுவாகப் போய்ச் சேர்வார் என்று தேடுவது அவருக்குக் கடைசிவரை ஒரு பிடிவாதமாகவே இருந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைப்பார். மால்மோவில் செய்த நாடகங்களின் வகையையும் பாருங்கள்: ஸ்வீடன் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்கின் ‘கோஸ்ட் சொனாட்டா’, மோலியேரின் ‘மிசாந்த்ரோப்’, இப்சனின் ‘பேர் கிந்த்’, கதேயின் ‘ஊர்ஃபவுஸ்ட்’, நடுவில் லேஹாரின் ‘மெர்ரி விடோ’ என்ற ஆட்டமும் பாட்டுமான ஆபரெட்டாவும். கடவுளின் மௌனத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த ஆள் என்ற பிம்பம் இந்தப் பட்டியலில் நிற்காது.

இந்த நாடகங்களில் நடித்தவர்கள் யார்? மேக்ஸ் வான் சிடோவ், ஹாரியட் ஆண்டர்சன், பீபி ஆண்டர்சன், இங்ரிட் துலின், குனெல் லிண்ட்ப்ளூம். பெயர்களைப் பார்த்ததும் உங்களுக்குப் படங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அவர்கள் முதலில் ஒரே அரங்கில் சம்பளத்துக்கு இருந்த நாடகக் குழு. வான் சிடோவ் ஒரு பருவத்தில் பேர் கிந்த், இன்னொரு பருவத்தில் ஃபவுஸ்ட், கோடையில் ‘தி செவன்த் சீல்’ படத்தில் மரணத்தோடு செஸ் ஆடும் வீரன். நாடகக் குழுவில் வேலை செய்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். ஒருவர் எங்கே மூச்சு விடுவார், எந்த வசனத்தில் தடுமாறுவார், எப்போது பொய்யாக நடிக்கிறார் என்பதெல்லாம் எட்டு மாதம் கூடவே இருந்தால் தெரிந்துவிடும். படப்பிடிப்புத் தளத்தில் அதைக் கண்டுபிடிக்க நேரம் இல்லை. ‘தி செவன்த் சீல்’ 1956 கோடையில் 35 நாட்களில் எடுக்கப்பட்டது என்பதைக் கேட்டு எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். பாதி ஒத்திகை குளிர்காலத்திலேயே, வேறு நாடகங்களின் பெயரில், முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால் ஆச்சரியம் குறையும், மரியாதை கூடும்.

அந்தப் படத்தின் விதையே ஒரு ஓரங்க நாடகம்தான். மால்மோ நடிப்பு மாணவர்களுக்குப் பயிற்சிக்காக எழுதிய ‘மரத்தில் வரைந்த ஓவியம்’ என்ற துண்டு அது. மரணத்தோடு மனிதன் செஸ் ஆடும் ஓவியம் ஸ்வீடனின் டேபி தேவாலயத்தின் கூரையில் இருக்கிறது, செஸ் காட்சி அங்கிருந்து வந்தது. 1955-ல் எடுத்த ‘ஸ்மைல்ஸ் ஆஃப் எ சம்மர் நைட்’ அடுத்த வருடம் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கியதால்தான் தயாரிப்பாளர்கள் இந்த விபரீதமான கதைக்குச் சம்மதித்தார்கள். இன்னொரு செய்தி, எனக்கு மிகவும் பிடித்தது: மரணமாக நடித்த பெங்ட் ஏகெரோட் தானே ஒரு நாடக இயக்குநர். யூஜின் ஓ’நீலின் ‘லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்’ உலகிலேயே முதல் முறையாக 1956-ல் ஸ்டாக்ஹோமின் ராயல் டிராமாட்டிக் தியேட்டரில் மேடையேறியபோது அதை இயக்கியவர் அவர்தான்.

சரி, க்ளோசப்புக்கு வருவோம். நாடகத்தில் க்ளோசப் இல்லை என்கிறீர்கள். கருவியாக இல்லை, உண்மைதான். ஆனால் ஆயிரம் பேரை ஒரு முகத்தை மட்டும் பார்க்க வைப்பது மேடை இயக்குநரின் அன்றாட வேலை. வெட்டுவதற்கு அவரிடம் கத்தரி இல்லாததால் அசைவை நிறுத்துவார், மற்றவர்களை அமைதியாக்குவார், சொல்லை மெதுவாக்குவார். இப்போது ‘விண்டர் லைட்’ படத்தில் இங்ரிட் துலின் கடிதத்தைச் சொல்லும் இடத்தை மறுபடி பாருங்கள். அவள் கேமராவை நேராகப் பார்த்துப் பல நிமிடங்கள் பேசுகிறாள். பின்னணியில் கவனத்தைக் கலைக்க எதுவும் இல்லை. பாத்திரம் பார்வையாளரைப் பார்த்துப் பேசுவது மேடையின் மிகப் பழைய வழக்கம். சினிமாவில் அது செய்யக் கூடாதது என்று சொல்லிக் கொடுத்த காலத்தில் அவர் செய்தார். முகத்தின் ஒவ்வொரு தசையும் தெரிவதால் அது மேடை போல் படுவதில்லை.

‘பெர்சோனா’ இன்னும் தெளிவான உதாரணம். கதையின் தொடக்கமே ஒரு நாடக விபத்து: எலிசபெத் என்ற நடிகை ‘எலெக்ட்ரா’ நடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சை நிறுத்திவிடுகிறாள். பிறகு நர்ஸ் ஆல்மா கடற்கரையில் நடந்த ஒன்றைச் சொல்லும் காட்சி. வேறு எந்த இயக்குநரும் அந்தக் கடற்கரையைக் காட்டியிருப்பார். பெர்க்மன் காட்டவில்லை. ஓர் அறை, இரண்டு பெண்கள், ஒருத்தி பேசுகிறாள், மற்றவள் கேட்கிறாள். பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலர் அந்தக் கடற்கரையையே பார்த்ததாக நினைவு வைத்திருக்கிறார்கள். சொல்லுக்கு இவ்வளவு சக்தி உண்டு என்ற நம்பிக்கை இருபது வருடம் ஒத்திகை அறையில் உட்கார்ந்தவருக்குத்தான் வரும். ஆனால் அதே படத்தில் இன்னொரு நீண்ட பேச்சை இரண்டு முறை முழுவதும் ஓட்டுகிறார்: முதலில் கேட்பவளின் முகம், பிறகு அதே வார்த்தைகள், பேசுபவளின் முகம். இதை மேடையில் செய்யவே முடியாது. நாடகக்காரனின் பொருளை எடுத்து, சினிமாவால் மட்டும் முடிகிற ஒன்றைச் செய்த இடம் இது. அவருடைய மேதைமை எங்கே என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த இரண்டு ஷாட்களைத்தான் காட்டுவேன்.

ஸ்ட்ரிண்ட்பெர்கைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமையாகாது. 1907-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு சிறு அரங்குக்காக அவர் எழுதியவற்றை அறை நாடகங்கள் என்பார்கள்: சில பாத்திரங்கள், ஓர் இடம், குறுகிய நேரம், மறைத்து வைத்தவை வெளியே வருதல். ‘த்ரூ எ கிளாஸ் டார்க்லி’யை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர், ஒரு தீவு, ஒரு நாள். பெர்க்மனே அந்தக் காலத்துப் படங்களை அந்தப் பெயரால்தான் குறிப்பிட்டார். ‘கோஸ்ட் சொனாட்டா’வை 1941, 1954, 1973, 2000 என்று நான்கு முறை மேடையேற்றினார். இளைஞனாக ஒரு முறை, 81 வயதில் ஒரு முறை. ஒரு படத்தை எடுத்துவிட்டால் முடிந்தது. நாடகத்துக்குத் திரும்பிப் போகலாம், முந்தைய முறை புரியாததை இந்த முறை புரிந்துகொள்ள முயலலாம். நாடகத்தை அவர் கடைசிவரை விடாததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், அவர் சொன்னதல்ல.

1963-ல் டிராமாட்டன் என்று எல்லோரும் சொல்லும் ராயல் டிராமாட்டிக் தியேட்டரின் தலைவரானார். நடிகர்களின் சம்பளத்தை உயர்த்தினார், பள்ளி மாணவர்களை உள்ளே கொண்டுவந்தார், நிர்வாக வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொண்டார். 1965-ல் நிமோனியாவோடு மருத்துவமனையில் கிடந்தபோதுதான் ‘பெர்சோனா’ எழுதினார். 1966-ல் பதவியை விட்டார், நண்பர் எர்லண்ட் யோசெஃப்சன் அந்த இடத்துக்கு வந்தார். 1969-ல் ‘வொய்செக்’ நாடகத்தின் ஒத்திகைகளைப் பொதுமக்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டார். அங்கே வந்த ஒரு விமர்சகரை அடித்து அபராதமும் கட்டினார். மென்மையான மனிதர் இல்லை. ஐந்து முறை திருமணம், ஒன்பது குழந்தைகள், தன் படங்களின் நாயகிகள் சிலரோடு உறவு. அவர்களில் பலர் கடைசிவரை அவரோடு வேலை செய்தார்கள் என்பது உண்மை. அதனால் அவர் நடந்துகொண்ட விதமெல்லாம் சரி என்று ஆகிவிடாது.

1976 ஜனவரி 30 அன்று டிராமாட்டனில் ஸ்ட்ரிண்ட்பெர்கின் ‘டான்ஸ் ஆஃப் டெத்’ ஒத்திகையில் இருந்தவரை, வரி விவகாரம் தொடர்பாகப் போலீசார் வந்து அழைத்துப் போனார்கள். மனம் உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச்சில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. ஏப்ரலில் நாட்டை விட்டே போய்விட்டார். இது ஆவணங்களில் உள்ளது, சர்ச்சை இல்லை. ஜெர்மனியில் மியூனிக்கின் ரெசிடென்ஸ் தியேட்டரில் வேலை செய்தார். பிறமொழியில் நடிகரை இயக்குவது எவ்வளவு கஷ்டம் என்று நினைவுக் குறிப்பில் புலம்பியிருக்கிறார். வசனத்தின் ஓசையை வைத்து வேலை செய்கிறவருக்கு அது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. 1981-ல் ‘எ டால்ஸ் ஹவுஸ்’, ‘மிஸ் ஜூலி’, கூடவே தன் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்’ ஆகிய மூன்றையும் ஒரே இரவில் மேடையேற்றினார். அப்புறம் டிராமாட்டனுக்குத் திரும்பி 1984-ல் ‘கிங் லியர்’, 1986-ல் ‘ஹாம்லெட்’, 1988-ல் ஏகெரோட் தொடங்கிவைத்த அந்த ஓ’நீல் நாடகம். 2002-ல் இப்சனின் ‘கோஸ்ட்ஸ்’ கடைசி மேடை வேலை. 2007 ஜூலை 30 அன்று ஃபோரோ தீவில் இறந்தார்.

இனி நம்பிக்கையோடு சொல்ல முடியாதவை. அவருடைய குழந்தைப் பருவம் பற்றி நீங்கள் படித்தவற்றில் பெரும்பகுதி 1987-ல் வந்த ‘மேஜிக் லான்டர்ன்’ என்ற அவருடைய நினைவுக் குறிப்பிலிருந்து வந்தது. அண்ணனுக்குக் கிடைத்த படக்கருவியைத் தன் தகர பொம்மை வீரர்களைக் கொடுத்து மாற்றிக்கொண்டது, அப்பாவின் கொடுமையான தண்டனைகள் எல்லாம் அதில் உண்டு. அடி அதிகம் வாங்கியது அண்ணன் டாக்தான், தம்பி செல்லப் பிள்ளை என்ற வேறொரு கணக்கும் குடும்பத்துக்குள்ளிருந்தே வந்திருக்கிறது. காட்சியைக் கட்டத் தெரிந்தவர் எழுதிய நூல் அது. அதை நாடகமாகப் படியுங்கள், வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘தி செவன்த் சீல்’ முடிவில் மலை மேல் நடக்கும் மரண நடனத்தில், நடிகர்கள் கிளம்பிவிட்டதால் தொழில்நுட்பக் குழுவினரையும் அங்கே வந்திருந்த சுற்றுலாப் பயணிகளையும் நிறுத்தி எடுத்தேன் என்பதும் அவர் சொன்ன கதையே. மறுக்க எனக்குக் காரணம் இல்லை, ஆனால் சொன்னவர் அவர். 16 வயதில் ஜெர்மனி போய் ஹிட்லரால் ஈர்க்கப்பட்டு, போர் முடியும்வரை அந்த மயக்கத்தில் இருந்ததை அவரே அந்த நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். தனக்கே எதிராகப் பேசும் இடம் என்பதால் அதை நான் நம்புகிறேன்.

கடைசியாக, எதைப் பார்ப்பது. நாடகம் படத்துக்குள் எங்கே இருக்கிறது என்று தேட விரும்பினால் 1984-ல் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘ஆஃப்டர் தி ரிஹர்சல்’ முதலில். காலி மேடையில் ஒரு வயதான இயக்குநரும் இரண்டு நடிகைகளும், ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அடுத்து 1975-ல் வந்த ‘தி மேஜிக் ஃப்ளூட்’. பழைய ட்ராட்னிங்ஹோம் அரங்கின் மேடையைப் படத்தளத்தில் அப்படியே கட்டி, பார்வையாளர்களின் முகங்களையும் சேர்த்து எடுத்தார். ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ பார்த்தாயிற்று என்கிறீர்கள், எந்த வடிவம் என்று சொல்லவில்லை. நான்கு ஆஸ்கர் வாங்கிய திரையரங்கு வடிவம் 188 நிமிடம். தொலைக்காட்சி வடிவம் 312 நிமிடம். கதையில் வரும் எக்டால் குடும்பத்தின் அரங்கையும் அதன் மனிதர்களையும் நிதானமாகப் பார்க்க நீளமானதுதான் வேண்டும். இரண்டு மாலைகள் ஒதுக்கிக்கொண்டு அதைப் பாருங்கள்.